சர்வரில் ஹார்ட் டிஸ்க் பழுது: அறிகுறியைப் பிடிப்பது முதல் புது டிஸ்க் மாட்டுவது வரை

நான்கு டிஸ்க் கொண்ட ரெய்டு 5, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் அமைப்பு. இரண்டாம் எண் ஸ்லாட்டில் இருக்கும் டிஸ்க் போய்விட்டது என்று, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் அட்டையான கன்ட்ரோலரிடமிருந்து எச்சரிக்கை வந்தது. சர்வர் அறைக்குப் போய், இடமிருந்து எண்ணி, இரண்டாவது டிஸ்க்கை உருவினேன். கன்ட்ரோலர் 0இலிருந்து எண்ணுகிறது, நான் 1இலிருந்து எண்ணினேன். நான் உருவியது நல்ல டிஸ்க். ஏற்கெனவே ஒன்று செத்திருந்த வரிசையில் இன்னொன்றும் போனதும் மொத்தமும் நின்றுவிட்டது. பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். ஆனாலும் அன்றைய பகல் முழுக்க உள்ளே வந்த தரவு திரும்பவில்லை.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் தரவு, பிறகு நோய் எது என்று பார்ப்பது, கடைசியில்தான் ஸ்க்ரூடிரைவர். செத்த டிஸ்க்கால் போகிற தரவைவிட, அதைச் சரிசெய்யப் போன அவசரத்தில் போகிற தரவு அதிகம் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. லினக்ஸ் சர்வரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மற்ற இயங்குதளங்களில் கருவிகளின் பெயர் மாறும், சிந்திக்கும் முறை மாறாது.

சந்தேகம் வந்த முதல் பத்து நிமிடம்

சர்வரை ரீபூட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிஸ்க், ஒருமுறை நின்றால் மறுபடி சுழலத் தொடங்காமலே போகலாம். லாக் நினைவகத்தில் மட்டும் இருந்தால் ரீபூட்டோடு அதுவும் அழிந்துவிடும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் லாக்கை முதலில் வேறொரு கணினிக்கு நகலெடுத்து வையுங்கள்.

எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். அது கோப்பு முறைமையின் குழப்பத்தைச் சரிசெய்யும் கருவி. படிக்கவே முடியாத செக்டார்கள் (டிஸ்க் தரவை எழுதும் சிறு துண்டுகள்) உள்ள டிஸ்க்கில் ஓட்டினால், படிக்க முடியாத இடத்தைக் காலியான இடமாக எடுத்துக்கொண்டு, நன்றாக இருந்த கோப்புகளின் தொடர்பையும் அறுத்துவிடக்கூடும். எழுதும் வேலையை எல்லாம் ஒரு நகல் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து பேக்கப். கடைசி பேக்கப் எப்போது எடுக்கப்பட்டது என்று பார்த்தால் போதாது. அதிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். பேக்கப் பழையதாக இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் டேட்டாபேஸ், பயனர் கோப்புகள், அமைப்புக் கோப்புகள் என்ற முன்னுரிமையில் வெளியே நகலெடுங்கள். டிஸ்க்கைக் கசக்கும் வேலைகள் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அவற்றை நிறுத்தி வையுங்கள்.

டிஸ்க் எப்படி முனகும்

பலரும் டிஸ்க் பழுது என்றால் சட்டென்று நின்றுபோவதைத்தான் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது முதலில் மெதுவாகும். ஒரு செக்டாரைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் உடனே கைவிடாது. தட்டிலிருந்து தரவைப் படிக்கும் தலையைச் சற்று நகர்த்தி, மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். சாதாரண மேசைக் கணினி டிஸ்க்குகள் இப்படி இரண்டு நிமிடத்துக்கு மேல்கூட முயலும். அந்த நேரம் முழுக்க அதை நம்பியிருக்கும் நிரல் காத்துக் கிடக்கும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது, இணையதளம் அவ்வப்போது தொங்குகிறது என்றுதான் தெரியும்.

இதைப் பிடிக்க ஐஓஸ்டாட் கருவியை விரிவான தகவல் தரும் எக்ஸ் விருப்பத்தோடு (கட்டளைக்குப் பின் சேர்க்கும் எழுத்து) ஓட்டுங்கள். ரெய்டில் ஒரே வேலையைப் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க்குகளுக்குக் காத்திருப்பு நேரமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். மூன்று டிஸ்க் 10 மில்லிசெகண்டில் பதில் சொல்லும்போது நான்காவது மட்டும் 400 எடுத்துக்கொண்டால் அதுதான் ஆள். டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தரும் ஸ்மார்ட் எண்கள் எதுவும் மாறாமலே இந்த அறிகுறி தெரிவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பதை எண்களைவிட ஒரு படி மேலாகவே நம்புகிறேன்.

அப்புறம் கெர்னல் லாக். 'மீடியம் எரர்', 'அன்ரிகவர்ட் ரீட் எரர்', 'யூஎன்சி' என்ற சொற்கள் வந்தால், தட்டின் மேற்பரப்பில் உள்ளதைப் படிக்க முடியவில்லை என்று டிஸ்க்கே ஒப்புக்கொள்கிறது. 'ஐசிஆர்சி' என்று வந்தால் டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே கம்பியில் தரவு சிதைந்திருக்கிறது. 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' மட்டும் வந்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள். டிஸ்க், கேபிள், மின்சாரம் மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

கோப்பு முறைமை திடீரென்று படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறுவதும் ஒரு முக்கிய அறிகுறி. எழுத முடியாத பிழையைக் கண்டதும், மேலும் கெடுக்காமல் இருக்க கெர்னல் எடுக்கும் தற்காப்பு அது. உடனே மறுபடி எழுதும் நிலைக்கு மாற்றாதீர்கள்.

சீரான இடைவெளியில் டிக், டிக் என்று சத்தம் கேட்டால், தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தொடக்கப் புள்ளிக்குப் போய் வருகிறது. ரெய்டிலும் இல்லாமல், பேக்கப்பும் இல்லாமல் இருக்கும் டிஸ்க்கில் இந்தச் சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுத்த அறை வசதியுள்ள மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். அது சுழலும் ஒவ்வொரு நிமிடமும் தலை தட்டைக் கீறக்கூடும். ரீபூட் செய்யாதீர்கள் என்ற என் முதல் விதிக்கு விலக்கு இந்த ஒன்றுதான்.

ஸ்மார்ட் எண்களைப் படிக்கும் விதம்

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பேடு. ஸ்மார்ட்சிடிஎல் கருவியை எக்ஸ் விருப்பத்தோடு ஓட்டினால் முழுவதும் வரும். ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் டிஸ்க்குகள் மறைந்திருந்தால், டி விருப்பத்தில் 'மெகாரெய்டு' என்று போட்டு, காற்புள்ளியும் டிஸ்க்கின் எண்ணும் சேர்த்தால் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

மேலே 'பாஸ்டு' என்று வருவதை நம்பி மூடிவிடாதீர்கள். உற்பத்தியாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அது 'ஃபெயில்டு' என்று மாறும். அதற்குள் டிஸ்க் பல நாட்கள் மோசமாக இருந்திருக்கும். கீழே கடைசிப் பத்தியில் உள்ள மூல எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

எண் 5, இடம் மாற்றப்பட்ட செக்டார்கள். கெட்டுப்போன இடத்துக்குப் பதிலாக டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து எத்தனை செக்டாரை எடுத்துக் கொடுத்தது என்ற கணக்கு. ஒன்றிரண்டு இருந்து, பல மாதங்கள் அப்படியே நின்றால் பதற வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் கூடினால் மாற்றிவிடுங்கள்.

எண் 197, நிலுவையில் உள்ள செக்டார்கள். இதை நின்று புரிந்துகொள்வது நல்லது. படிக்க முடியாத ஒரு செக்டாரை டிஸ்க் உடனே இடம் மாற்றாது. ஏனென்றால் உள்ளே இருந்த தரவு என்ன என்று அதற்குத் தெரியாது. அதனால் நிலுவைப் பட்டியலில் வைத்துக் காத்திருக்கும். அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதும்போது சோதித்துப் பார்க்கும். எழுதியது நன்றாகப் பதிந்தால் 197 குறையும், 5 கூடாது. பதியாவிட்டால் இடம் மாறும், 5 கூடும். ரெய்டில் இருக்கும் டிஸ்க் என்றால், முழுச் சரிபார்ப்பு ஓடும்போது மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்ட தரவை அங்கே மறுபடி எழுதிவிடும். 197 பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நின்றால் டிஸ்க்குக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. இறங்கி மறுபடி ஏறினால் இல்லை. 4 கிலோபைட் செக்டார் கொண்ட டிஸ்க்குகளில் இந்த எண் 8, 16, 24 என்று ஏறுவதைப் பெரும்பாலும் பார்க்கலாம். ஒரு பெரிய செக்டார் கெட்டால் எட்டுச் சிறியவையாகக் கணக்கு வைப்பதால் அப்படி.

198, 187 இரண்டும் சரிசெய்ய முடியாமல் போன பிழைகள். 187 ஏறினால் அந்தப் பிழை ஏற்கெனவே சர்வர் வரை வந்துவிட்டது என்று பொருள். 188 கட்டளைக்குப் பதில் வராமல் போன தடவைகள். 199 மட்டும் ஏறி மற்றவை அசையாமல் இருந்தால் டிஸ்க்கைத் தொடாதீர்கள், கேபிளைப் பாருங்கள். 199 ஒருமுறை ஏறினால் இறங்காது. அதனால் கேபிளை மாற்றிய பிறகு மேலும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

சீகேட் டிஸ்க்குகளில் படிப்புப் பிழை விகிதம், தேடல் பிழை விகிதம் ஆகியவற்றின் மூல எண்கள் கோடிக்கணக்கில் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அந்த எண்ணின் கீழ்ப் பகுதி மொத்தச் செயல்களின் கணக்கு, மேல் பகுதியில்தான் பிழைகள் இருக்கின்றன.

சர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் இணைப்பு வகை டிஸ்க்கில் இந்த எண்களே இருக்காது. அங்கே 'குரோன் டிஃபெக்ட் லிஸ்ட்' என்ற வரியையும், சரிசெய்ய முடியாத பிழைகளின் பத்தியையும் பாருங்கள். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் மீதமுள்ள கையிருப்பு, பயன்படுத்திய சதவீதம், ஊடகப் பிழைகள், அவசர எச்சரிக்கை என்ற நான்கு போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கூகுள் பொறியாளர்கள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வில், முதல் மேற்பரப்புப் பிழை தெரிந்த டிஸ்க்குகள் அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலை தவிர்த்த எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. ஸ்மார்ட் கெட்டது என்று சொன்னால் நம்புங்கள். நல்லது என்று சொன்னால் முழுதாக நம்பாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் சுய சோதனை ஓட்டலாம். குறுஞ்சோதனை ஏறத்தாழ இரண்டு நிமிடம். நெடுஞ்சோதனை தட்டு முழுவதையும் படிக்கும், பெரிய டிஸ்க்கில் ஒரு நாள்கூட ஆகலாம். பேக்கப் எடுத்த பிறகு ஓட்டுங்கள். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்குக்கு அது கடைசி ஓட்டமாகிவிடக்கூடும்.

டிஸ்க்தான் காரணமா?

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டிஸ்க் காணாமல் போனால், அத்தனையும் ஒரே நொடியில் செத்திருக்காது. அவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க்குகள் செருகும் பலகையான பேக்பிளேன், கன்ட்ரோலர் கேபிள், மின்சப்ளை, டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் எச்பிஏ அட்டை சூடேறியிருப்பது. எந்தெந்த ஸ்லாட் போனது என்று தாளில் வரைந்தாலே, ஒரே கேபிளில் வரும் நான்கும் என்பது போலப் பல நேரம் விடை தெரிந்துவிடும்.

எல்லா டிஸ்க்கும் சேர்ந்து எழுதுவதில் மட்டும் மெதுவானால் கன்ட்ரோலரின் தற்காலிக நினைவகத்தைத் தாங்கும் கேஷ் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி போனதும் கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக நேரடியாக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். டிஸ்க்குகள் நலமாகவே இருக்கும்.

நல்ல டிஸ்க்கை ரெய்டு வெளியே தள்ளுவதும் உண்டு. ஒரு கட்டளைக்கு லினக்ஸ் 30 நொடிதான் காத்திருக்கும். டிஸ்க் அதைவிட நீண்ட நேரம் ஒரே செக்டாரோடு போராடினால், கெர்னல் இணைப்பை ரீசெட் செய்யும், ரெய்டு அதைச் செத்ததாகக் கணக்கெழுதிவிடும். சர்வர் டிஸ்க்குகள் பொதுவாக 7 நொடியில் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும். ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் 'எஸ்சிடிஈஆர்சி' அமைப்பில் 70 என்று கொடுத்தால் 7 நொடி. அந்த வசதி இல்லாத டிஸ்க் என்றால் கெர்னல் காத்திருக்கும் நேரத்தை 180 நொடியாக உயர்த்துங்கள். இரண்டையும் ஒவ்வொரு பூட்டிலும் அமைக்க வேண்டும்.

டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் மறக்காதீர்கள். எச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில் தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்களைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சரியாக 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் அவை நின்றுவிடும், தரவும் திரும்பாது. ஒரே நாளில் மாட்டிய எஸ்எஸ்டிகள் ஒரே நாளில் போகும் என்றால் ரெய்டு எதைக் காப்பாற்றும்? உங்கள் மாடலுக்கு ஃபர்ம்வேர் அறிவிப்பு உண்டா என்று தேடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ரெய்டின் நிலையைப் பாருங்கள்

லினக்ஸே நடத்தும் மென்பொருள் ரெய்டில் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால், நான்கு டிஸ்க் வரிசைக்கு நான்கு 'யூ' எழுத்து இருக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் அந்த இடம் காலி. எந்த டிஸ்க் என்பதை, இந்த ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவியின் விவரப் பகுதி சொல்லும். கன்ட்ரோலர் அட்டை நடத்தும் ரெய்டு என்றால் கருவி வேறு: மெகாரெய்டு வகைக்கு ஸ்டோர்சிஎல்ஐ, டெல் சர்வருக்கு பெர்க்சிஎல்ஐ, எச்பிஇ சர்வருக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ. ரெய்டு வேலையையும் தானே செய்யும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ்ஸில் இசட்பூல் ஸ்டேட்டஸ் காட்டும் மூன்று பத்திகளில் படிப்பு, எழுத்து, செக்சம் (படித்த தரவு எழுதியதோடு ஒத்துப்போகாத) பிழைகள் தனித்தனியே வரும். செக்சம் மட்டும் பல டிஸ்க்குகளில் ஏறினால் கேபிளையும் ரேமையும் சந்தேகியுங்கள்.

தனக்குத் தெரியாத ரெய்டு விவரம் டிஸ்க்கில் இருப்பதைக் கண்டு, கன்ட்ரோலர் 'ஃபாரின் கான்ஃபிக்' என்று கேட்கும் நேரம் ஆபத்தானது. இம்போர்ட் என்பது டிஸ்க்கில் எழுதியுள்ள பழைய ரெய்டு விவரத்தை ஏற்றுக்கொள்வது, கிளியர் என்பது அதை அழிப்பது. புரியாமல் கிளியர் கொடுக்காதீர்கள். இனிஷியலைஸ் என்ற சொல்லைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ரெய்டு தாங்கும் அளவைவிட அதிக டிஸ்க்குகள் போயிருந்தால், அல்லது ரெய்டே இல்லையென்றால், டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி கெட்ட டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவியால் முழு நகல் எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் கோப்பு கட்டாயம் கொடுங்கள், பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில், கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டச் சொல்லும் சிறிய 'என்' எழுத்து விருப்பத்தைக் கொடுங்கள். எளிதாகக் கிடைப்பது எல்லாம் கைக்கு வந்த பிறகு, மூன்று முறை மறுமுயற்சியோடு இரண்டாம் சுற்று. எந்தப் பழுதுபார்ப்பும் நகலின் மேல்தான்.

டிஸ்க்கை மாற்றுதல்

1. சீரியல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறலாம், சீரியல் எண் மாறாது.

2. கன்ட்ரோலர் கட்டளையாலோ லெட்சிடிஎல் கருவியாலோ அந்த ஸ்லாட்டின் விளக்கை எரியவிடுங்கள். விளக்கு வசதி இல்லையென்றால், நல்ல டிஸ்க்குகளைக் கொஞ்ச நேரம் படிக்க வைத்து, சிமிட்டாமல் இருப்பது எது என்று பார்க்கலாம்.

3. புது டிஸ்க் பழையதைவிட ஒரு செக்டார்கூடக் குறையக் கூடாது. செக்டார் அளவும் ஒத்துப்போக வேண்டும். சேமிப்பகப் பெட்டிகளிலிருந்து கழற்றிய எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள் சில 520 பைட் செக்டாரில் இருக்கும், அப்படியே வேலை செய்யாது. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகையை வாங்காதீர்கள். புது டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்பும் ரீபில்ட் நேரத்தில் அது தவழ ஆரம்பித்து, ரெய்டு அதையும் வெளியே தள்ளிவிடக்கூடும்.

4. பழைய டிஸ்க் இன்னும் ஓரளவு படிக்கிறது, காலி ஸ்லாட்டும் இருக்கிறது என்றால் அதைக் கழற்றாதீர்கள். புதியதைச் சேர்த்துவிட்டு, எம்டிஏடிஎம் கருவியின் ரீபிளேஸ் கட்டளையைக் கொடுங்கள். பழையதிலிருந்தே நகல் போகும், அது படிக்காத இடத்தை மட்டும் மற்ற டிஸ்க்குகள் தரும். பாதுகாப்பு ஒரு நொடியும் குறையாது. இசட்பூல் ரீபிளேஸும் பழைய டிஸ்க் கூடவே இருந்தால் அப்படித்தான். இந்த வழி தெரியாமல் எத்தனையோ பேர் முதலில் உருவிவிடுகிறார்கள்.

5. முடியாது என்றால் ஃபெயில், ரிமூவ் என்ற வரிசையில் மென்பொருளில் விலக்கிவிட்டு உருவுங்கள். கையில் எடுத்ததும் சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள்.

6. பார்ட்டிஷன் அட்டவணையை எஸ்ஜிடிஸ்க் கொண்டு நகலெடுக்கும்போது, பெரிய ஆர் விருப்பத்தை ஒட்டி வரும் பெயர் புது டிஸ்க், கடைசியில் வருவது நல்ல டிஸ்க். மாற்றிப் போட்டால் நல்ல டிஸ்க்கின் அட்டவணை அழியும். என்டர் தட்டும் முன் இரண்டு முறை படியுங்கள். பிறகு பெரிய ஜி விருப்பத்தால் அடையாள எண்களைப் புதிதாக்கி, ரெய்டில் சேருங்கள்.

7. பூட் ஆகும் டிஸ்க் என்றால் புதியதிலும், இயங்குதளத்தை ஏற்றும் நிரலான கிரப்பை நிறுவுங்கள். யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் சர்வரில், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் நகலெடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லாம் நன்றாக ஓடும், இன்னொரு டிஸ்க் சாகும் நாளில் சர்வர் எழாது.

ரீபில்டுக்குப் பொறுமை வேண்டும். 16 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலே 22 மணி நேரம் ஆகும், வேலைப்பளுவோடு சேர்ந்தால் நாட்கணக்கு. அந்த நேரம் முழுக்க மற்ற டிஸ்க்குகள் முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்படும். இதுவரை யாரும் தொடாத மூலையில் ஒளிந்திருந்த கெட்ட செக்டார் அப்போதுதான் வெளியே வரும். ரெய்டு 5இல் அதைச் சரிக்கட்ட வேறு தரவு இல்லை. பெரிய டிஸ்க்குகளுக்கு, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 வையுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

மாட்டிய பிறகு

ரீபில்ட் முடிந்ததும் முழுச் சரிபார்ப்பு ஒன்று ஓட்டி, ஒவ்வொரு டிஸ்க்கின் 5, 197, 199 எண்களைத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த முறை ஏறியதா இறங்கியதா என்று சொல்ல அந்தக் குறிப்புதான் இருக்கும். சரிபார்ப்பை மாதம் ஒருமுறை தானாக ஓடும்படி அமையுங்கள்.

கழற்றிய டிஸ்க்கை ரீபில்டும் சரிபார்ப்பும் முடியும்வரை அழிக்க வேண்டாம். இன்னொன்று நடுவில் போனால், அரைகுறையாகப் படிக்கும் அந்த டிஸ்க்கிலிருந்தும் மீட்க வழி இருக்கிறது. அதன் மேல் தேதியும் பழுதும் எழுதி ஒட்டி வையுங்கள்.

கடைசியாக, ஸ்மார்ட் எண்களைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி சேவையையும் எம்டிஏடிஎம் கண்காணிப்பையும் இயக்கி, மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். ஸ்மார்ட்டி அமைப்புக் கோப்பில் பெரிய எம் விருப்பத்தோடு 'டெஸ்ட்' என்று சேர்த்துச் சேவையை மறுபடி தொடங்கினால், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சோதனை மின்னஞ்சல் வர வேண்டும். அது உண்மையிலேயே உங்கள் இன்பாக்ஸுக்கு வந்ததா என்று பார்த்துவிட்டு அறையைப் பூட்டுங்கள்.